பழைய பங்க் டேங்க்கைத் தோண்டி எடுப்பது எப்படி? எண்ணெய் கசிந்த மண்ணை என்ன செய்வது?

பெட்ரோல் பங்க்கில் கண்ணுக்குத் தெரிவது பம்பும் கூரையும்தான். சரக்கு இருப்பது காலுக்கடியில். டேங்கர் லாரி வந்து குழாய் மாட்டும் இடத்தருகே கான்கிரீட் தரையில் இரும்பு மூடிகள் இருக்கும். அவற்றின் கீழே, ஏறக்குறைய ஒரு மீட்டர் மண்ணுக்கடியில், படுத்தவாக்கில் இரும்பு உருளைகள். 20 கிலோலிட்டர் டேங்க் என்றால் 2 மீட்டர் விட்டம், ஆறரை மீட்டர் நீளம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 6 மில்லிமீட்டர் தகட்டில் செய்திருந்தால் வெறும் டேங்க்கே 2 டன்னுக்கு மேல் இருக்கும்.

பங்க்கை மூடும்போதும், ஒற்றைச் சுவர் டேங்க்கை இரட்டைச் சுவராக மாற்றும்போதும், இடத்தை அடுக்குமாடி கட்ட விற்கும்போதும் இவற்றை வெளியே எடுக்க வேண்டி வரும். அந்த வேலை எப்படி நடக்க வேண்டும், எங்கே கெட்டுப்போகும் என்பதுதான் இங்கே. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக இறங்கிச் செய்துவிட முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் இடத்தின் சொந்தக்காரரும், வாங்கப்போகிறவரும், பக்கத்து வீட்டுக்காரரும் கான்ட்ராக்டர் செய்வது சரியா என்று பார்த்துக்கொள்ளலாம்.

எங்கே ஓட்டை விழும்?

இரும்பு துருப்பிடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் டேங்க் முழுக்க ஒரே சீராகத் துருப்பிடிப்பதில்லை. 6 மில்லிமீட்டர் தகடு பெரும்பாலும் அப்படியே இருக்கும், ஓரிடத்தில் மட்டும் ஊசி நுழையும் அளவுக்குக் குழிந்து ஓட்டை விழும். வெளிப்பக்கத்தில் இதற்குக் காரணம் தார்ப்பூச்சு உரிந்த இடம், தகட்டில் அழுத்திக்கொண்டிருக்கும் கல், உப்பு கலந்த நிலத்தடி நீர், பழைய குழாயோடு சேர்த்துப் போட்ட புதுக் குழாய். அதனால்தான் டேங்க்கைச் சுற்றிச் சலித்த மணல் மட்டும் போடச் சொல்கிறார்கள்.

உட்பக்கத்தில் எதிரி தண்ணீர். பெட்ரோலின் அடர்த்தி லிட்டருக்கு முக்கால் கிலோ அளவுதான், அதனால் உள்ளே புகும் தண்ணீர் அடியில் தங்கிவிடும். அந்தத் தண்ணீர் நிற்கும் கோட்டில் அரிப்பு நடக்கும். டீசல் டேங்க்கில் தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து அமிலத்தைக் கக்கும். இன்னொரு விசித்திரமான காரணம் டிப் ராடு. தினமும் அளவு பார்க்க ஒரே குழாய் வழியாக இறக்கும் அந்தப் பித்தளைக் கம்பி, ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை இடிக்கிறது. அந்த இடத்தில் அடிப்பட்டை என்று தனித் தகடு வைக்காத பழைய டேங்க்குகளில், டிப் பைப்புக்கு நேர் கீழே ஓட்டை இருப்பது சாதாரணம்.

கசிவு என்றாலே டேங்க் என்று நினைப்பதும் சரியல்ல. குழாய் இணைப்பு, பம்பின் அடிப்பகுதி, லாரியிலிருந்து இறக்கும்போது வழிந்தது, இவையெல்லாம் சேர்ந்தால் டேங்க்கைவிட அதிகம் கசியவிடும். பழைய உறிஞ்சு பம்பில் குழாய் ஓட்டையானால் காற்றை இழுக்கும், பம்ப் திணறும், உடனே தெரிந்துவிடும். சப்மெர்சிபிள் பம்ப் டேங்க்குக்குள்ளிருந்து அழுத்தித் தள்ளுவதால், அதே ஓட்டை வழியாகப் பெட்ரோல் மண்ணுக்குள் பீய்ச்சும். வசதியான பம்புக்கு இப்படியும் ஒரு விலை உண்டு.

டிப் பார்த்தால் தெரியாதா?

தெரியாது, பெரும்பாலும். பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். 20,000 லிட்டர் இருப்பில் 10 டிகிரி வித்தியாசம் என்றால் 200 லிட்டர் ஏறி இறங்கும். ஆவியாகிப் போவது வேறு. இந்தக் கணக்குக்குள் ஒரு சிறு கசிவு நிம்மதியாக ஒளிந்துகொள்ளும். அமெரிக்க விதிகளில் டேங்க் இறுக்கச் சோதனை கண்டுபிடித்தாக வேண்டிய அளவு மணிக்கு 0.1 கேலன், அதாவது 0.38 லிட்டர். கேட்க ஒன்றுமில்லைபோல் இருக்கிறது. வருடத்துக்குப் பெருக்கினால் 3,300 லிட்டர்.

அந்த நாடு இதைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றது. 1984இல் சட்டம், 1988இல் விதிகள், 1998 டிசம்பர் 22க்குள் பழைய டேங்க்குகளை மேம்படுத்து, மாற்று அல்லது மூடு என்ற கெடு. இதுவரை அங்கே உறுதியான கசிவுகள் 5 லட்சத்துக்கு மேல். இந்த வேலையின் முறைகள் பெரும்பாலும் அந்த அனுபவத்திலிருந்து வந்தவை. கீழே சொல்லும் பல எண்களும் அப்படித்தான்.

நிரம்பிய டேங்க்கைவிடக் காலி டேங்க் மோசம்

இந்த வேலையில் ஆளைக் கொல்லும் சொல் "காலி". பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 சதவீதத்துக்கும் 7.6 சதவீதத்துக்கும் இடையே இருந்தால்தான் வெடிக்கும். நம் வெப்பத்தில், பெட்ரோல் இருக்கும் மூடிய டேங்க்கின் மேல்பகுதியில் ஆவி அந்த மேல்வரம்பைத் தாண்டி நிற்கும். எரியப் போதுமான காற்று அங்கே இருக்காது. சரக்கை இறைக்க இறைக்க வென்ட் பைப் வழியாகக் காற்று உள்ளே வருகிறது. ஆவியின் பங்கு மெல்ல இறங்கி வெடிக்கும் எல்லைக்குள் வந்து நிற்கிறது. நாம் "காலி" என்று கை கழுவும் நேரம் அதுதான்.

எவ்வளவு மிச்சம் இருந்தால் போதும்? 20 கன மீட்டர் டேங்க்கில் 1.4 சதவீதம் என்றால் 0.28 கன மீட்டர் ஆவி. அதற்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் பெட்ரோல் போதும். டேங்க்கின் அடியில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நின்றாலே 12 லிட்டர் இருக்கும். இதில் துருச் செதிலும் கசடும் வேறு. அவை பஞ்சுபோல எண்ணெயைப் பிடித்துவைத்து மெல்ல விடும். காலையில் ஆவி இல்லை என்று மீட்டர் காட்டிய டேங்க், மதிய வெயிலில் மறுபடி வெடிக்கும் நிலைக்கு வரும்.

"டீசல் டேங்க்தானே" என்ற அலட்சியமும் உண்டு. சாதாரண வெப்பத்தில் டீசல் அவ்வளவு ஆவி விடாது, உண்மை. கேஸ் கட்டரின் சூட்டில் சுவரில் ஒட்டியிருக்கும் டீசல் ஆவியாகும், அந்தத் தீயே அதைப் பற்றவைக்கும். போதாக்குறைக்கு, அந்த டேங்க்கில் முன்பு பெட்ரோல் இருந்ததா என்பது பாதிப் பேருக்கு நினைவிருக்காது.

தோண்டும் முன்

முதலில் காகிதம். பங்க்கின் சேமிப்பு உரிமம் 2002 பெட்ரோலிய விதிகளின் கீழ் வெடிபொருள் துறை தருவது. அதன் தலைமையகம் நாக்பூர், நமக்குச் சென்னை அலுவலகம். டேங்க்கை எடுப்பது உரிமத்தில் மாற்றம், அதனால் எண்ணெய் நிறுவனப் பொறியாளர் வழியாக அங்கே தெரிவித்த பிறகுதான் வேலை. வெட்டுவது, பற்றவைப்பது எதுவானாலும், ஆவி இல்லை என்று தகுதியுள்ளவர் சோதித்துத் தந்த சான்று வேண்டும். அந்தச் சான்று எழுதிய நேரத்துக்குத்தான் செல்லும், நாளைக்குச் செல்லாது.

பிறகு வரைபடம். எத்தனை டேங்க், எத்தனை குழாய், கைவிட்ட பழைய டேங்க் ஏதும் உண்டா? பழைய பங்க்குகளில் கடைசிக் கேள்வியை இரண்டு முறை கேட்க வேண்டும். 1980களில் போட்டு, பின்பு மணல் நிரப்பி மறந்துபோன டேங்க், ஜேசிபி வாளியில் சிக்கும்போதுதான் வெளிப்படும்.

பருவத்தையும் பாருங்கள். 20,000 லிட்டர் கொள்ளளவுள்ள காலி டேங்க் நிலத்தடி நீரில் மூழ்கினால் அதை மேலே தள்ளும் விசை 20 டன். டேங்க்கின் எடை 2 டன் சொச்சம். மேலே இருக்கும் மண்ணும் அடியில் இறுக்கிக் கட்டிய கான்கிரீட்டும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. மேல் மண்ணை அகற்றிவிட்டு, ஐப்பசி மழையில் குழி நிரம்ப விட்டால் டேங்க் படகாகிக் குழாய்களைப் பிய்த்துக்கொண்டு மேலே வரும். வட மாவட்டங்களில் இந்த வேலைக்குச் சரியான காலம் மாசி முதல் ஆனி வரை.

ஆவியை அடக்குவது

குழாய்களில் நிற்பதை டேங்க்குக்கே வடிய விட்டு, காற்றழுத்த டயாபிரம் பம்பால் கடைசிச் சொட்டு வரை இறைக்க வேண்டும். சாதாரண மின் மோட்டார் கூடாது. பம்ப், குழாய், டேங்க் மூன்றையும் செம்புக் கம்பியால் இணைத்து எர்த் செய்ய வேண்டும். பாயும் பெட்ரோல் நிலைமின்சாரத்தை உண்டாக்கும்.

அதன்பின் இரண்டு வழி. ஒன்று, காற்றோட்டம். அமுக்கக் காற்றில் ஓடும் ஊதுகருவியால் ஆவியை இழுத்து, தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் விடுவது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தாழ விட்டால் தரையோடு ஊர்ந்து டீக்கடை அடுப்புக்கே போய்ச் சேரும். மீட்டர் வெடிக்கும் கீழ்வரம்பில் (அந்த 1.4 சதவீதத்தில்) 20 சதவீதத்துக்கும் குறைவாகக் காட்டும் வரை ஊத வேண்டும். டேங்க்கின் மேல், நடு, அடி என்று மூன்று உயரத்திலும் பார்க்க வேண்டும். மூடியருகே மட்டும் மீட்டரைக் காட்டிவிட்டு "ஓகே சார்" என்பவரை நம்பாதீர்கள்.

மற்ற வழி, ஆக்சிஜனை விரட்டுவது. உலர்பனிக்கட்டி (திட கார்பன் டை ஆக்சைடு) என்றால் 1,000 லிட்டருக்கு 1.8 கிலோ, 20 கிலோலிட்டருக்கு 36 கிலோ. பொடித்து, டேங்க்கின் நீளம் முழுக்கப் பரவும்படி போட்டு, அது முழுக்க வாயுவாகும் வரை காத்திருக்க வேண்டும். நைட்ரஜன் என்றால் 7 கன மீட்டர் சிலிண்டர் கணக்குப்படி 3 போதும், நடைமுறையில் 5 கையில் இருக்கட்டும். மெதுவாக, அடிவரை செல்லும் குழாய் வழியாக விட வேண்டும். ஆக்சிஜன் 8 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். தீயணைப்பு உருளையிலிருந்து கார்பன் டை ஆக்சைடை நேராகப் பீய்ச்சுவது பழைய குறுக்கு வழி. வேகமாகப் பாயும் அந்த வாயு தன்னோடு நிலைமின்சாரத்தையும் கொண்டுபோகும். அணைக்கக் கொண்டுவந்ததே பற்றவைத்துவிடும்.

இங்கேதான் பலர் ஏமாறும் ஒரு நுட்பம். வழக்கமான வெடிவாயு மீட்டர், உள்ளே இழுத்த ஆவியைச் சிறு சூடான மணியில் எரித்துத்தான் அளக்கிறது. எரிக்க ஆக்சிஜன் வேண்டும். நைட்ரஜன் நிரப்பிய டேங்க்கில் ஆவி நிறைய இருந்தாலும் அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் காட்டும். காற்றோட்டம் செய்தால் வெடிவாயு மீட்டர், வாயு நிரப்பினால் ஆக்சிஜன் மீட்டர். எந்த வழிக்கு எந்த மீட்டர் என்று கான்ட்ராக்டரைக் கேளுங்கள், அந்தப் பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்.

டேங்க்குக்குள் ஆள் இறங்குவது கடைசித் தேர்வு. முடிந்தவரை வெளியிலிருந்தே கசடை வழிக்க வேண்டும். இறங்கியே தீர வேண்டுமென்றால் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். வெளியிலிருந்து காற்று வரும் முகக்கவசம், இடுப்பில் கயிறு, மேலே ஒருவர், எல்லாம் வேண்டும். துணி மாஸ்க் எதற்கும் ஆகாது. உலர்பனியிலிருந்து வரும் வாயு குழியின் அடியில் தேங்கும் என்பதால் குழிக்குள் நிற்பவருக்கும் மூச்சு முட்டும். இந்தியாவில் ஈயப் பெட்ரோல் விற்பனை 2000 பிப்ரவரியோடு நின்றது. அதற்கு முந்தைய டேங்க் என்றால் கசடில் கரிம ஈயம் இருக்கக்கூடும். அது தோல் வழியாகவே உடம்புக்குள் போகும்.

தோண்டும் நாள்

கான்கிரீட்டை உடைக்கும்போது தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். டேங்க்கின் தலை தெரிந்ததும் ஜேசிபி நிற்கட்டும், குழாய்களைச் சுற்றி மண்வெட்டிதான். வாளியில் பல் இல்லாத விளிம்பு இருந்தால் நல்லது. குழி 1.5 மீட்டரைத் தாண்டினால் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும், இல்லையேல் முட்டுக் கொடுக்க வேண்டும். டேங்க்கை வைக்கத் தோண்டிய பழைய குழியை மணல் போட்டு நிரப்பியிருப்பார்கள், அந்த மணல் சொல்லாமல் சரியும்.

தூக்கும்போது டேங்க்கின் உடம்பைச் சுற்றிச் சங்கிலி போடக்கூடாது. மேலே பற்றவைத்த கொக்கி வளையங்களில்தான் மாட்ட வேண்டும், அவையும் துருப்பிடித்திருந்தால் பட்டைக் கயிறு. 12 டன் ஹைட்ரா கிரேன் 2 டன் டேங்க்கைத் தூக்காதா என்று கேட்பார்கள். கை நீள நீளத் தூக்குதிறன் வேகமாகக் குறையும், குழி விளிம்பிலிருந்து தள்ளி நிற்க வேண்டியதால் கை நீளத்தான் செய்யும். உள்ளே மீந்த கசடின் எடையும் சேர்ந்துகொள்ளும்.

மேலே வந்ததும் எல்லாத் துளைகளையும் அடைத்து, உச்சியில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்றை மட்டும் விட வேண்டும். வெயிலில் உள்ளே அழுத்தம் ஏறாமல் இருக்க அது. டேங்க்கைச் சுற்றி வந்து, மண்ணைத் துடைத்து, ஓட்டைகளைச் சாக்பீஸால் வட்டமிட்டுப் படம் எடுங்கள். ஓட்டைக்கு நேர் கீழே இருந்த மண்தான் முதல் மாதிரி எடுக்க வேண்டிய இடம்.

அங்கிருந்து டேங்க் எங்கே போகிறது? காயலான் கடைக்கு நேராகப் போனால், அங்கே யாரோ ஒரு பையன் கேஸ் கட்டரோடு நிற்பான். பங்க்கில் எடுத்த எச்சரிக்கையெல்லாம் அங்கே வீண். இடத்தை விட்டுக் கிளம்பும் முன்பே தீயில்லாத குளிர் வெட்டு முறையில் துண்டாக்குவதோ, பக்கத்தைத் திறந்து சுத்தம் செய்வதோதான் முறை. குடிநீர்த் தொட்டியாக விற்கவே கூடாது. எத்தனை கழுவினாலும் துருவுக்குள் இருப்பது வெளியே வந்துகொண்டேயிருக்கும்.

வழித்த கசடும் கழுவிய தண்ணீரும் 2016 அபாயகரக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் வருபவை. சாக்கடையில் ஊற்றக்கூடாது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அங்கீகாரம் உள்ளவரிடம், ரசீதுப் படிவத்தோடு ஒப்படைக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் இதற்கான அபாயகரக் கழிவு நிலையம் இருக்கிறது.

குழியைப் படிப்பது

அவசரமாக மண்ணைத் தள்ளி மூடுவது இந்த இடத்தில்தான் நடக்கும். டேங்க் போய்விட்டது, வேலை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் கேள்வி இப்போதுதான் தொடங்குகிறது.

பச்சையோ சாம்பல் கறுப்போ ஏறிய மண், வாசனை, குழித் தண்ணீரில் வானவில் படலம், இவை கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள். மூக்கை அதிகம் நம்பாதீர்கள், சில நிமிடத்தில் பழகிவிடும். மோப்பம் பிடித்து மண்ணைச் சோதிப்பது உடம்புக்கும் கேடு. களத்தில், ஆவியை அளக்கும் பிஐடி மீட்டர் உதவும். ஜிப் பையில் பாதி மண் போட்டு, கட்டியை உடைத்து, மூடி, நிழலில் 10 நிமிடம் வைத்துவிட்டு முனையைச் செருகிப் பார்க்க வேண்டும். பெட்ரோலுக்கு நன்றாகக் காட்டும், டீசலுக்குக் குறைத்துக் காட்டும். எங்கே தோண்டுவது என்று முடிவெடுக்க அது போதும், சுத்தமாகிவிட்டது என்று சொல்ல ஆய்வகம்தான்.

மாதிரி எடுக்கும் இடங்கள்: டேங்க்கின் இரு முனைகளுக்கு அடியில், நிரப்பும் குழாய்க்குக் கீழே, குழாய் இணைப்புகள், ஒவ்வொரு பம்பின் அடி. பாதுகாப்பில்லாத குழிக்குள் இறங்க வேண்டியதில்லை. ஜேசிபி வாளியில் வந்த மண்ணின் மேல்பரப்பை வழித்துவிட்டு உள்ளிருந்து எடுக்கலாம். பெட்ரோல் கூறுகளுக்கு 5 கிராம் மண்ணை உடனே மெத்தனால் உள்ள குப்பியில் போட்டு மூடி, பனிப்பெட்டியில் 4 டிகிரியில் அனுப்ப வேண்டும். நாலு இடத்து மண்ணைப் பக்கெட்டில் கலக்கி ஒரே மாதிரியாக அனுப்புவது சிலருக்குப் பழக்கம். கலக்கும்போதே பெட்ரோலிலுள்ள நச்சுப் பொருளான பென்சீன் பறந்துவிடும், அறிக்கை அழகாக வரும்.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது?

கசிந்த எண்ணெய் நான்கு உருவம் எடுக்கும். மண் துகளில் ஒட்டி நிற்பது, துளைகளில் ஆவியாவது, நிலத்தடி நீர்மட்டத்தின் மேல் மிதப்பது, தண்ணீரில் கரைவது. அளவில் கரைவதுதான் மிகக் குறைவு. கவலைப்பட வேண்டியதும் அதற்குத்தான்.

கணக்குப் போடுவோம். நம் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம் வரை அனுமதி. ஒரு லிட்டரில் 10 மில்லி, ஏறக்குறைய 8.8 கிராம். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஒரு லிட்டர் பெட்ரோலிலுள்ள பென்சீன் முழுவதும் கரைந்தால் 8.8 லட்சம் லிட்டர் தண்ணீர் வரம்பைத் தொட்டுவிடும். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்.

தண்ணீர்மட்டம் கோடையில் இறங்கி மழையில் ஏறும்போது, மிதக்கும் எண்ணெயும் கூடவே ஏறி இறங்கி, அந்த உயரம் முழுக்க மண்ணில் பூசிவிடும். மழைக்காலத்தில் கிணற்றில் எண்ணெய்ப் படலம் காணாமல் போனால் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பங்குனியில் திரும்ப வரும்.

மண்ணைப் பொறுத்து எல்லாம் மாறும். திருவான்மியூரிலிருந்து கோவளம் வரையான கடற்கரை மணலில் எண்ணெய் வேகமாக இறங்கும், வேகமாக எடுக்கவும் முடியும். களியில் மெதுவாகப் போகும், ஆனால் வெளியே வராது. பாறை வெடிப்புக்குள் போனால் எங்கே தலைகாட்டும் என்று சொல்ல முடியாது. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் சுண்ணாம்புப் பாறை வழியாகச் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குப் பரவியது. 2019இல் இலங்கை உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. சென்னை தண்டையார்பேட்டையில் 2013இல் வீட்டு போர்வெல்களில் எண்ணெய் வந்ததற்குக் காரணம் நிலத்தடி எண்ணெய்க் குழாயின் கசிவு. இரண்டும் டேங்க் கதைகள் அல்ல. மண்ணுக்குள் போன எண்ணெய்க்கு அது எங்கிருந்து வந்தது என்பது பொருட்டில்லை.

மண்ணை என்ன செய்வது?

சின்ன அளவென்றால் தோண்டி அனுப்புவதே மலிவு. 3 மீட்டருக்கு 3 மீட்டர், 2 மீட்டர் ஆழம் என்றால் 18 கன மீட்டர், எடை 30 டன். தோண்டியதும் மண் கால் பங்கு உப்பும், 22.5 கன மீட்டராகும். லாரிக்காரர் கணக்கில் (100 கன அடி ஒரு யூனிட்) 8 யூனிட். விலை பேசும்போது குழிக் கணக்கா, லாரிக் கணக்கா என்று முன்பே எழுதிக்கொள்ளாவிட்டால் அந்தக் கால் பங்கில்தான் சண்டை வரும். எடுத்த மண்ணைத் தார்ப்பாய் விரித்து அதன்மேல் கொட்டி, மேலேயும் மூட வேண்டும். நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் தனித்தனிக் குவியல். கலந்துவிட்டால் எல்லாமே கெட்ட மண்ணின் விலைக்குப் போகும்.

டீசல் மண்ணுக்கு உயிரிக் குவியல் நல்ல வழி. மண்ணிலேயே இருக்கும் பாக்டீரியா எண்ணெயைத் தின்னும். நாம் தர வேண்டியது காற்று, ஈரம், உரம். கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் 100 : 10 : 1 என்பது வழக்கமான விகிதம். மேலே சொன்ன 30 டன் மண்ணில் கிலோவுக்கு 5,000 மில்லிகிராம் எண்ணெய் இருந்தால் மொத்தம் 150 கிலோ எண்ணெய். அதற்கு டிஏபி உரம் ஆறரைக் கிலோ, யூரியா 25 கிலோ போதும், மூன்று நான்கு தவணையாக. ஒரே நாளில் கொட்டினால் உப்பு ஏறி பாக்டீரியா செத்துப்போகும். அடியில் தடித்த பாலிதீன் விரிப்பு, ஒன்றிலிருந்து 3 மீட்டர் உயரக் குவியல், நடுவில் துளையிட்ட காற்றுக் குழாய், வடிநீரைப் பிடிக்க ஓரமாக வாய்க்கால். இடம் இருந்தால் 30 முதல் 45 சென்டிமீட்டர் தடிப்பில் பரப்பி, உழுதுகொண்டே இருக்கலாம். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது, அதுவே சரியான ஈரம். நம் ஊரில் வெப்பம் சாதகம். காய்ந்துபோவதுதான் பிரச்சினை, கத்திரி வெயிலில் ஒரு வாரம் தண்ணீர் தெளிக்காவிட்டால் வேலை நின்றுவிடும். 6 மாதம் முதல் 2 ஆண்டு ஆகும். கிலோவுக்கு 50,000 மில்லிகிராமுக்கு மேல் எண்ணெய் இருந்தால் பாக்டீரியா தாங்காது, நல்ல மண் கலந்து குறைத்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

பெட்ரோல் மண்ணைத் திறந்தவெளியில் உழுதால் ஒரு வாரத்தில் சுத்தம் என்று காட்டுவார்கள். பெட்ரோல் அழியவில்லை, பக்கத்துத் தெருவின் காற்றுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

கட்டடத்துக்கு அடியில் தோண்ட முடியாத மணல் மண்ணில், துளைக் குழாய் இறக்கி வெற்றிடப் பம்பால் ஆவியை உறிஞ்சி, கரி வடிகட்டியில் பிடிக்கலாம். பெட்ரோலுக்குப் பிரமாதம், எளிதில் ஆவியாகாத டீசலுக்குப் பிரயோஜனம் குறைவு. களிமண்ணில் காற்று வெடிப்பு வழியாக மட்டும் ஓடிவிடும், மீதி மண் அப்படியே இருக்கும். உறிஞ்சிகளை வாங்கி மாட்டிவிட்டு ஆறு மாதம் கழித்து இதைக் கண்டுபிடிப்பது நடக்கிற கதைதான். மண்ணைச் சலித்துப் பார்க்கும் செலவு அந்தப் பம்பின் மின் கட்டணத்தைவிடக் குறைவு.

எவ்வளவு இறங்கினால் சுத்தம்? உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் நெதர்லாந்து அளவில், கனிம எண்ணெய் கிலோவுக்கு 5,000 மில்லிகிராமைத் தாண்டினால் தலையிட வேண்டிய நிலை. அது தலையிடுவதற்கான கோடு, நிறுத்துவதற்கான கோடு அல்ல. வீடு வருமா, கிடங்கு வருமா, பக்கத்தில் குடிநீர்க் கிணறு உண்டா என்று பார்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு முன்கூட்டியே எழுத்தில் ஒத்துக்கொண்ட எண்தான் இலக்கு.

தண்ணீருக்குப் போயிருந்தால்

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிய குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள், முக்கோணமாக. குழாயின் துளையிட்ட பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கிய துளைக்குள் மிதக்கும் எண்ணெய் வரவே வராது. போர் போடுபவர் பழக்கத்தில் அடியில் மட்டும் துளையிட்டு இறக்கிவிடுவார், அறிக்கையும் சுத்தமாக வரும். முதலில் மிதப்பதை வழிக்க வேண்டும், அதை விட்டுவிட்டுக் கரைந்ததை இறைத்து வடிகட்டினால் முடிவே இருக்காது. கிணற்றில் ஒரு அடி எண்ணெய் நின்றால் மண்ணிலும் ஒரு அடி என்று எண்ண வேண்டாம், கிணறு பெரும்பாலும் மிகைப்படுத்தும்.

இப்போது விற்கும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை இருக்கிறது. பாக்டீரியாவுக்கு எத்தனால் இனிப்பு. முதலில் அதைத் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பென்சீன் காத்திருக்கும், அதற்குள் இன்னும் தூரம் நகரும். பழைய பெட்ரோல் கசிவின் அனுபவத்தை வைத்து, இத்தனை மீட்டரோடு நின்றுவிடும் என்று சொல்பவரிடம் எந்த ஆண்டுப் பெட்ரோல் என்று கேளுங்கள்.

ஒரே ஒரு நல்ல முடிவோடு கோப்பை மூடக்கூடாது. கோடை, மழை இரண்டையும் உள்ளடக்கி, மூன்று மாதத்துக்கு ஒன்றாக ஓராண்டு பார்த்தால்தான் ஏறி இறங்கும் நீர்மட்டம் மறைத்தது வெளிவரும். அதன்பின் கண்காணிப்புக் கிணறுகளை அப்படியே விட்டுவிடாமல், அடியிலிருந்து மேல்வரை சிமென்ட்டும் பென்டோனைட் களிமண்ணும் கலந்த கூழால் அடைக்க வேண்டும். மூடி திருடு போன ஒரு குழாய் போதும், தெருவில் வழியும் எஞ்சின் ஆயில் மழைநீரோடு நேராக நிலத்தடிக்கு இறங்க.